கோட்டையைச் சுற்றிவிட்டுத்தான் சண்டைக்கு

எனக்கு ஒரு இடத்தில் உட்கார வராது. இரும்புக் கடை வைத்திருந்த காலத்திலும் நின்றுகொண்டேதான் யாவாரம் பார்த்தேன். ஆனால் போன கார்த்திகையில் நான் வீட்டுக்குள் நடந்த நடை வேறு மாதிரி. முகப்பிலிருந்து அடுப்படி வரைக்கும் போவேன், திரும்புவேன். காரைக்குடியில் எங்கள் வீடுகள் நீளமானவை. நடக்க இடம் இருந்ததே கெட்டதாகப் போயிற்று.

“கால்ல வெந்நியக் கொட்டிக்கிட்டீகளா? ஒரு எடமா உக்காருங்க. பாக்குற எனக்குத் தலை சுத்துது” என்பாள் வீட்டுக்காரி.

உட்கார முடியாததற்குக் காரணம் பிள்ளைகள். மூத்தது மகள், கோயம்புத்தூரில் கட்டிக் கொடுத்திருக்கிறது. இளையவன் மகன், பெங்களூரில் இருக்கிறான். ஐப்பசியிலிருந்து ரெண்டு பேருக்கும் பேச்சில்லை. சண்டை வீட்டுக்காகவோ நகைக்காகவோ இல்லை, ஒரு விளையாட்டுக்காக. போனில் ஆடுகிற விளையாட்டு. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளையாரிடம் மட்டும் சொன்னேன். அவர் சிரித்தாரா இல்லையா என்று தெரியவில்லை.

பிள்ளையாரைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஆட்களிடம் பிள்ளையார் நோன்பு பெரிது. திருக்கார்த்திகை முடிந்ததும் புது வேட்டி ஒன்றிலிருந்து இருபத்தோரு நாள், நாளுக்கு ஒரு நூலாக உருவி வைத்துக்கொண்டே வருவோம். நோன்பன்று அந்த நூல்களைச் சேர்த்துத் திரியாகத் திரித்து, வெல்லமும் நெய்யும் விட்டுப் பிசைந்த மாவில் சின்னதாகப் பிள்ளையார் பிடித்து, அதில் சொருகி ஏற்றுவோம். வீட்டுக்குப் பெரியவர் ஒவ்வொருவர் கையிலும் எடுத்துக் கொடுக்க, எரிகிற சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு இழை எடுத்துக்கொள்வது என்று பேர். அப்பாவை நாங்கள் அப்பச்சி என்போம், என் அப்பச்சி கையிலிருந்து நான் எடுத்தேன். இப்போது என் கையிலிருந்து என் பிள்ளைகள் எடுக்கிறார்கள்.

போன தடவை மகன் போனில் சொல்லிவிட்டான்.

“நோம்புக்கு நான் வரல அப்பச்சி. இங்க நம்ம ஆளுக ஒரு மண்டபத்துல கூடுறாக. அங்கயே எடுத்துக்கிறேன்.”

“ஏம்ப்பா, லீவு இல்லையா?”

“லீவெல்லாம் இருக்கு. அவ வாராளாமே?”

கட்டிக் கொடுத்த பெண் புகுந்த வீட்டில்தான் இழை எடுப்பாள். சம்பந்தி வீட்டார் அவர்களுடைய பெரிய மகனைப் பார்க்க வெளிநாடு போயிருந்தார்கள், மாப்பிள்ளைக்கும் வெளியூரில் வேலை. அதனால் அவர்களே சொல்லி மகளை எங்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். “ஆமாப்பா, ஆச்சி வருது” என்றேன். எங்கள் வீடுகளில் அக்காவை ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவன் பேச ஆரம்பித்த நாளிலிருந்து அவளுக்கு ஆச்சிதான்.

“அப்ப அவளுக்குக் குடுங்க” என்று வைத்துவிட்டான். அந்த ‘அவ’ எனக்கு ரொம்பச் சுட்டது.

நடந்தது இதுதான். இந்த விளையாட்டில் இந்தப் பக்கம் அஞ்சு பேர், அந்தப் பக்கம் அஞ்சு பேர். ரெண்டு மூலையிலும் ஆளுக்கொரு கோட்டை. நடுவில் மூன்று பாதை, பாதையில் காவல் கோபுரங்கள். எதிரியின் கோபுரங்களை உடைத்துக்கொண்டே போய்க் கோட்டையைத் தகர்த்தால் ஜெயம். அவனும் அவளும் பங்காளிப் பிள்ளைகள் மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானமானால் சேர்ந்து ஆடுவார்கள். ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த ஒரு ஆட்டம் ஜெயித்தால் அவனுக்கு மேல் படி கிடைக்குமாம். பல வாரம் பாடுபட்டு அங்கே வந்திருந்தான். ஆட்டம் கொஞ்சம் பின்தங்கிய நேரத்தில், மகள் சரண்டர் என்கிற பொத்தானை அமுக்கிவிட்டாள். அதை அமுக்கினால், தோல்வியை ஒப்புக்கொள்ளலாமா என்று மற்றவர்களைக் கேட்கும். மற்ற மூன்று பேரும் ஆமென்று போட்டார்கள். இவன் ஒருத்தன் மாட்டேன் என்று போட்டான். ஆட்டம் போயிற்று.

“கல்யாணம் ஆனதும் புத்தி மழுங்கிப் போச்சு ஒனக்கு” என்றான் எல்லாரும் கேட்க. “வேலவெட்டி இல்லாதவனுக்கு வெளையாட்டுத்தான் ஒலகம்” என்றாள் அவள். அப்போது அவனுக்கு வேலை போயிருந்த நேரம். அடுத்த மாதமே வேறு வேலை கிடைத்துவிட்டது. ஆனால் அந்த வார்த்தை அவனை விட்டுப் போகவில்லை. அந்த விளையாட்டையே போனிலிருந்து தூக்கிவிட்டு, கம்ப்யூட்டரில் ஆடுகிற வேறொன்றுக்குப் போய்விட்டான். அதுவும் அஞ்சுக்கு அஞ்சு, மூன்று பாதை, கோட்டைதான். வெளியிலிருந்து பார்த்தால் ரெண்டும் ஒன்றுதான் என்று நான் நினைத்தேன்.

கடையில் எனக்கு ஒரு வழக்கம். ரெண்டு கம்பெனிக் கட்டுக்கம்பியை வைத்துக்கொண்டு எது நல்லது என்று யாராவது மல்லுக்கு நின்றால், நான் வாயால் பதில் சொல்ல மாட்டேன். ரெண்டிலும் ஒரு முழம் வெட்டிக் கையால் வளைத்துப் பார்ப்பேன். கை சொல்லிவிடும். பத்தாவதோடு நின்றவனுக்கு வேறு வழி என்ன இருக்கிறது? இதையும் வளைத்துப் பார்ப்போம் என்று தோன்றியது. ரெண்டு பேருடைய ஆட்டமும் தெரிந்தால், ரெண்டு பேரிடமும் பேச ஏதாவது இருக்கும்.

நூல் பாதி எடுத்திருந்தபோது மகள் வந்து சேர்ந்தாள். என் போனில் அவளுடைய ஆட்டத்தைப் போட்டுக் கொடுத்தாள்.

முதல் பார்வைக்குக் கண் கூசியது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் புது மெருகு போட்ட மாதிரி மஞ்சளும் சிவப்பும் பச்சையும். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நிறம், ஒரு கிரீடம், பின்னால் மின்னுகிற இறக்கை. கூட்டத்தில் நின்றாலும் யார் எவர் என்று தூரத்திலிருந்தே தெரியும். அடித்தால் பொறி பறக்கும், செத்தாலும் பூப்பூவாய்ச் சிதறுவார்கள். அவர்களுக்கு வேண்டிய உடுப்பைத் தனியாக வாங்கிப் போடலாமாம். எனக்கு அது உற்சவரைப் பார்ப்பது மாதிரி இருந்தது. மாலையும் பட்டும் கல் நகையும் போட்டு வீதிக்கு வந்த சாமி, எவனும் எங்கிருந்தும் பார்க்கலாம். ஆட்டமும் அப்படித்தான், சுருக்காக முடிந்துவிடும். பால் காய்வதற்குள் ஒரு யுத்தம்.

“நான் ஆரையும் அடிக்க மாட்டேன் ஆத்தா” என்றேன் முதலிலேயே.

“அப்ப மருந்துக்காரிய எடுங்க அப்பச்சி. நான் எப்பவும் அவதான். அடிபட்டவுகளுக்கு உயிர் ஏத்திக்கிட்டே பின்னால நின்னாப் போதும்.”

அதில்தான் நான் ஒரு காரியம் செய்தேன். ஆட்டம் ஆரம்பிக்கும்போது நம்முடைய ஆள் கோட்டைக்குள்தான் நிற்பான். நடுவில் அந்தப் பெரிய ஸ்தம்பம் சுடர்விட்டுக்கொண்டு நிற்கும். அது விழுந்தால் எல்லாம் போயிற்று, அதுதான் நம்மைக் காப்பது. அதைச் சுற்றாமல் எப்படி வெளியே போவது? வலமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் பாதைக்குக் கிளம்பினேன். யோசித்துச் செய்யவில்லை, விரல் தானாகப் போயிற்று. மகள் அதைப் பார்த்தாள். அடுத்த ஆட்டத்திலிருந்து நான் சுற்றி முடிக்கும் வரைக்கும் அவளும் வாசலில் நின்றாள்.

ஆனால் பல ஆட்டங்களில் அவள் பாதியில் போனை வைத்துவிட்டு எழுந்து போனாள். ஒரு நாள் கொல்லையிலிருந்து முகம் கழுவிக்கொண்டு வந்தவள், நான் நூல் உருவிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“எனக்கு ரெண்டு இழைக்குச் சேத்து எடுத்து வைங்க அப்பச்சி.”

எங்கள் வீட்டில் ரெண்டு இழை யாருக்கு என்றால், வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளுக்கு. ஒன்று அவளுக்கு, ஒன்று பிள்ளைக்கு. நூல் கையிலிருந்து விழுந்துவிட்டது. வீட்டுக்காரி அடுப்படி வாசலில் நின்று சிரித்தாள், அவளுக்கு முன்பே தெரியுமாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு அப்போதுதான் விளங்கியது.

“அன்னைக்கு சரண்டர் போட்டியே, அது இதுனாலயா?”

“ஆமா. கொமட்டிக்கிட்டு வந்துச்சு. மூணு மாசம் முடியட்டும், அப்பறம் சொல்லுவோம்னு அத்தை சொல்லியிருந்தாக. வாயத் தொறக்க முடியல.”

“இப்ப அவங்கிட்டச் சொல்லிருவோம். ஓடி வந்துருவான்.”

“சொல்லக் கூடாது. பிள்ளைக்காக வந்தான்னா அது எனக்காக வந்ததாகாது” என்றாள். என் கையைப் பிடித்துச் சாமி விளக்கின் பக்கம் காட்டிச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அன்றைக்கு ஆரம்பித்த நடைதான் நான் முதலில் சொன்னது. நெஞ்சு நிறைய சந்தோஷம், அதைச் சொல்ல வாய் இல்லை. நூல் நாளுக்கு ஒன்று கூடிக்கொண்டே போகிறது, நோன்பு நெருங்குகிறது, அவன் அங்கே மண்டபத்துக்குப் போகப் போகிறான்.

அவனுடைய ஆட்டத்தையும் கற்றுக்கொடு என்று போன் போட்டேன்.

“உங்களுக்கு எதுக்கு அப்பச்சி அது?”

“பொழுது போகல.”

“உங்களுக்கா?” என்றான். ஆனாலும் அவன் காலேஜில் வைத்திருந்த பழைய லேப்டாப் வீட்டில் கிடந்தது, அதில் அங்கிருந்தே எல்லாம் ஏற்றிக் கொடுத்தான். சாப்பாட்டு மேசையில் அதை வைத்து, மவுஸைப் பிடித்து, காதில் போனை மாட்டிக்கொண்டு அவன் சொல்லச் சொல்ல ஆடினேன்.

முதல் நாள் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. திரை முழுக்க இருட்டு. கரும்பச்சை மரங்கள், கலங்கிய ஆறு, வெளிச்சம் கூடிக் குறைந்து அதற்குள்ளேயே ராப்பகல் வருகிறது. ஆட்கள் மின்னவில்லை. கொம்பும் எலும்பும் பாசி பிடித்த தோலுமாக, ஊர் எல்லைக் கோயில் பூதங்கள் மாதிரி இருந்தார்கள். “கண்ணே தெரியலப்பா” என்றேன். “கொஞ்சம் பாத்துக்கிட்டே இருங்க, தெரியும்” என்றான். அது உண்மைதான். வெயிலிலிருந்து கருவறை வாசலுக்குப் போனால் முதலில் ஒரே கறுப்பாகத்தான் இருக்கும். நின்று பார்த்தால் எண்ணெய் ஏறிய கல்லில் நெற்றி தெரியும், கை தெரியும், அப்புறம் சிரிப்பு தெரியும். இவன் ஆட்டம் மூலவர். நிறத்தை வைத்து இல்லை, நிழலையும் நடையையும் வைத்து ஆளைத் தெரிந்துகொள்ள வேண்டும். இதைச் சொன்னேன். “நல்லா இருக்கே அப்பச்சி” என்றான். அவன் குரலில் பிசிறு இல்லாமல் கேட்டது அன்றைக்குத்தான்.

ஆடும் முறையும் வேறு. அவள் ஆட்டத்தில் விரலை அமுக்கினால் பக்கத்தில் இருப்பவன்மேல் அடி தானாக விழும். இங்கே ஒவ்வொரு அடியும் நாம் பார்த்து வைக்க வேண்டும், ஒரு இமைப்பொழுது தப்பினாலும் பலன் அடுத்தவனுக்கு. ஒரு விஷயம் எனக்கு ஒத்துவரவில்லை. பாதையில் நமக்காகச் சண்டை போடும் குட்டிச் சிப்பாய்கள் அடிபட்டுச் சாகப் போகும்போது, எதிரிக்கு அந்தப் பலன் போகாமலிருக்க நாமே அவர்களை வெட்டிவிட வேண்டுமாம்.

“நம்ம ஆளையா?”

“நம்ம ஆளத்தான். அடிங்க அப்பச்சி, போயிரும், அடிங்க!”

“மாட்டேன்.”

“அது பொம்மை!”

“பொம்மையா இருந்தாலும் நம்ம சோத்தத் தின்ன பொம்மை.”

பெருமூச்சு விட்டான். அடுத்த ஆட்டத்தில் நான் வழக்கம்போலக் கோட்டைக்குள் அந்தப் பெரிய மரக்கோபுரத்தை வலம் வர ஆரம்பித்தேன். அங்கே கோட்டை பெரிது, சுற்ற நேரமாகிறது. கூட ஆடிய முகம் தெரியாத ஆள்கள் திட்ட ஆரம்பித்துவிட்டார்கள். இங்கிலீஷிலும் இந்தியிலும் எழுத்து ஓடியது. ஒருத்தன் புகார் கொடுப்பதாக எழுதினான்.

“அப்பச்சி, என்ன செய்றீக? மவுஸ் மாட்டிக்கிருச்சா?”

“சுத்துறேன்ப்பா.”

“எத?”

“கோட்டைய. சுத்திட்டுத்தானே கிளம்பணும்?”

அவன் சிரித்தான் பாருங்கள், போன் அதிர்ந்தது. எத்தனையோ நாளைக்கப்புறம் கேட்கிற சிரிப்பு. சிரித்து முடித்துவிட்டு, “அங்கயும் சுத்துனீகளா?” என்றான்.

“எங்க?”

“அதான்… அவ ஆட்டத்துல.”

“சுத்துனேன்.”

“ஒண்ணும் சொல்லலையா?”

“வாசல்ல நிக்கும். நான் வந்ததும்தான் போகும்.”

அன்றைக்கு நாங்கள் தோற்றுக்கொண்டே இருந்தோம். கோபுரம் ஒவ்வொன்றாக விழுந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. “போதும்ப்பா, அந்தச் சரண்டர அமுக்கு” என்றேன்.

“இதுல அது கெடையாது அப்பச்சி. கோட்டை விழுகிற வரைக்கும் நின்னுதான் ஆகணும். அதுக்குத்தான் இதுக்கு வந்தேன்.”

ரெண்டு கம்பிக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் கைக்குத் தெரிந்தது. நிறமில்லை, வேகமில்லை. இதுதான்.

“பழனிக்கு நடக்கிறோம்ல” என்றேன். என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியாமலே ஆரம்பித்தேன். “நடக்க முடியாமப் போனவுகள வண்டியில ஏத்திவிடுவோம். அவுக தோத்துட்டாகன்னு ஆரும் சொல்றதில்லப்பா. என்ன செய்யுதுன்னுதான் கேப்போம்.”

“அவளுக்கு என்ன செஞ்சுச்சு?”

சத்தியம் செய்திருந்தேன். வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், வாயில் விரலை வைத்தபடி.

“வந்து நீயே கேளு” என்றேன்.

எங்கள் கோட்டை விழுந்தது. அவன் போனை வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு போன் இல்லை. நானாகப் போட்டால் அவசரப்படுத்துவது மாதிரி ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன். நடந்தேன். நோன்பன்று காலையிலேயே மாவு இடித்தாயிற்று. பணியாரம் சுட்டாயிற்று. மகள் கோலம் போட்டுவிட்டு வாசலைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கு வைத்தாயிற்று. மாவில் பிள்ளையார் பிடிக்க உட்கார்ந்தேன். “எத்தனை?” என்றாள் வீட்டுக்காரி. “அவனுக்கும் சேத்துத்தான்” என்றேன்.

முதல் இழையை ஏற்றும்போது முகப்பில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. தோளில் பையோடு வந்து நின்றான். “பஸ் கொட்டாம்பட்டியில நின்னு போச்சு” என்றான், யாரோ கேட்ட மாதிரி. அவள் திரும்பவில்லை.

“கால அலம்பிட்டு வாடா, நேரமாகுது” என்றாள் வீட்டுக்காரி.

பெரியவர்களிலிருந்து ஆரம்பித்து வரிசையாக எடுக்க வேண்டும். நான் எடுத்தேன், வீட்டுக்காரி எடுத்தாள். அடுத்தது மகள். சுடரை வாயில் போட்டுக் கண்ணை மூடினாள். அவன் தன் முறை என்று ஒரு எட்டு முன்னால் வந்தான். அவள் நகரவில்லை, மறுபடியும் கையை நீட்டினாள். நான் இன்னொன்றை ஏற்றி வைத்தேன்.

அவன் பார்த்தான். எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவன் முறை வந்ததும் கையில் கொடுத்தேன். சுடர் எரிய எரியப் பார்த்துக்கொண்டே நின்றான், நெய் விரலில் வடிந்தது.

“வாயில போடுடா, அணையப் போகுது” என்றேன்.

போட்டான். விழுங்கினான். பிறகு அவளிடம் கேட்டான்: “அன்னைக்கா?”

“அன்னைக்குத்தான்.”

“சொல்லியிருக்கலாம்ல ஆச்சி.”

“நீ கேட்டிருக்கலாம்ல.” பிறகு அவளே, “நானும் அந்த வார்த்தையச் சொல்லியிருக்கக் கூடாது” என்றாள். அவன் “பணியாரம் இருக்கா?” என்று அடுப்படிக்குப் போய்விட்டான். போகும்போது கண்ணைத் துடைத்த மாதிரி இருந்தது, நெய்ப் புகையாகவும் இருக்கலாம்.

மறுநாள் காலையில் ரெண்டு பேரும் முற்றத்தில் உட்கார்ந்து சண்டை போட்டார்கள்.

“ஒன் ஆட்டத்துல ஆரு மூஞ்சியும் தெரியாது. அடுப்புக்கரிய அள்ளிப் பூசுன மாதிரி.”

“ஒன் ஆட்டம் நகைக்கடை போர்டு மாதிரி. கண்ணு அவிஞ்சுரும்.”

“அப்பச்சி சொல்லட்டும், எது அழகு?”

“உற்சவர் அழகா, மூலவர் அழகான்னா நான் என்னத்தச் சொல்ல?” என்று நழுவிவிட்டேன்.

கடைசியில் அவன்தான் அவள் ஆட்டத்தை மறுபடியும் போனில் ஏற்றினான். மூன்று பேரும் முகம் தெரியாத ரெண்டு பேரோடு ஆடினோம். நான் கோட்டையைச் சுற்ற, என் பின்னாலேயே ரெண்டு பேரும் வரிசையாக வந்தார்கள். ஆட்டம் நன்றாகப் போனது, ஜெயிக்கிற மாதிரி இருந்தது. நடுவில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து கொல்லைக்கு ஓடினாள். அவன் ஒரு நொடி அவள் போன பக்கம் பார்த்தான், உடனே சரண்டர் பொத்தானை அவனே அமுக்கினான். நானும் ஆமென்று போட்டேன். அந்த ரெண்டு பேரும் மாட்டேன் என்று போட்டார்கள். ஆட்டம் நிற்கவில்லை. அவர்கள்மேல் தப்பில்லை, ஜெயிக்கிற ஆட்டம்.

மகளின் மருந்துக்காரி நடுப்பாதையில் அசையாமல் நின்றாள். அடி விழ ஆரம்பித்தது. அவன் எங்கோ முன்னால் எதிரிக் கோபுரத்தடியில் இருந்தவன், எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பி ஓடி வந்து அவளுக்கு முன்னால் மறித்து நின்றுகொண்டான். நான் எடுத்திருந்ததும் இன்னொரு மருந்துக்காரிதான், அவர்கள் ரெண்டு பேருக்கும் உயிர் ஏற்றுவதுதான் என் வேலை. ஏற்றினேன். ஆனால் எனக்கு நிற்க வராதே, அவர்களைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே ஏற்றினேன்.